முகூர்த்தத் தேதியும் தாடைக்கோடும்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கலாம், கல்யாணத் தேதி காத்திருக்காது. வைகாசியில் மகன் கல்யாணம். அதற்குள், அல்ட்ராசவுண்டைக் குவித்துத் தோலை இறுக்கும் அந்த 'ஹைஃபு' சிகிச்சையைச் செய்துகொண்டால் முகம் இறுகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். இறுகாது. பங்குனிக் கடைசியில் செய்துகொண்டால் ஆடி பிறந்த பிறகுதான் முழுசாக ஏதாவது தெரியவரும். "ஒரே வாரத்துல பத்து வயசு குறைஞ்சிடும் மேடம்" என்று பார்லரில் சொன்ன பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. மெஷின் விற்க வந்தவர் சொல்லிக்கொடுத்ததை அவர் உங்களிடம் ஒப்பித்திருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், இதே கேள்வி வேறுவேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருப்பதுதான். ஐம்பதைத் தொட்ட பெண்கள் கேட்கிறார்கள். சர்க்கரைக்குப் பயந்து உடம்பை இளைத்து, முகம் தொங்கிப்போன ஆண்களும் கேட்கிறார்கள். அவர்கள் மட்டும் "என் மனைவிக்காகக் கேட்கிறேன்" என்று எழுதுவார்கள். நான் டாக்டர் இல்லை, மருத்துவச் செய்திகளை எழுதிப் பிழைப்பவன். தோல் மருத்துவர்களிடம் கேட்டும், பக்கத்தில் நின்று பார்த்தும், வெளியான ஆய்வுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முடிவு நீங்களும் உங்கள் முகத்தைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டியது.

கண்ணாடி முன்னால் நின்று, காதோரம் இரண்டு விரலை வைத்துத் தோலை மேலே இழுத்துப் பார்ப்பதாகவும், "அந்த அளவுக்கு வந்தால் போதும்" என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லோரும் செய்து பார்ப்பதுதான். ஆனால் அந்த இழுப்பில் தோல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நகர்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் படுக்கவைத்து, காதோரம் கீறி, உள்ளேயுள்ள திசுவை இழுத்துத் தைத்து, மிச்சத் தோலை வெட்டியெடுத்தால் கிடைக்கிற அளவு அது. அல்ட்ராசவுண்டில் கிடைப்பது மில்லிமீட்டர் கணக்கு. 2010-இல் அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு ஒன்றில், முகத்திலும் கழுத்திலும் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட 35 பேரை 90 நாள் கழித்து அளந்து பார்த்தார்கள். புருவம் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. எது முன்பு எடுத்த போட்டோ, எது பின்பு எடுத்த போட்டோ என்று சொல்லாமலே மருத்துவர்களிடம் காட்டினார்கள். 30 பேரிடம் மாற்றம் தெரிகிறது என்றார்கள்.

வீட்டில் ஸ்கூல் ஸ்கேல் இருந்தால் எடுத்து அந்த 1.7 மில்லிமீட்டரைப் பாருங்கள். புருவத்துக்கு அது அற்பமில்லை. இமைமேல் கவிந்திருந்த கனம் சற்று விலகி, நன்றாகத் தூங்கி எழுந்த களை வரும். தாடையோரம் பை போலத் தொங்கும் சதைக்கு அதே அளவு எந்த மூலைக்கும் காணாது. இந்தச் சிகிச்சையைப் பற்றி என் கருத்து இவ்வளவுதான்: வேலை செய்கிறது, சின்ன அளவில் வேலை செய்கிறது. அந்தச் சின்ன அளவுக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் திருப்தியாக வருகிறார்கள். இரண்டு விரல் இழுப்பை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், மெஷின் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலும், ஏமாந்துதான் வருவார்கள்.

முகம் ஏன் இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அளவு ஏன் இவ்வளவு சிறியது என்பதும் புரியும். தோலுக்கு இறுக்கம் கொடுப்பது கொலாஜன் என்ற புரத நார். இளமை தாண்டியதும் அது வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மாதவிடாய் நின்ற பிறகு சரிவு வேகமெடுக்கும்; முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய 30 சதவிகிதம் போய்விடும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நீங்கள் "இரண்டே வருஷத்துல முகம் மாறிப்போச்சு" என்று எழுதியது பிரமை இல்லை. வெயிலும் சிகரெட்டும் இந்தச் சரிவை இன்னும் விரட்டும். ஆனால் கதை தோலோடு முடிவதில்லை. கன்னத்துக்கு உருண்டை வடிவம் கொடுக்கும் கொழுப்புத் திட்டுகள் வயதோடு சுருங்கி, கீழே சரிகின்றன. அதற்கும் அடியில் தாடை எலும்பே கொஞ்சம் தேய்கிறது. கழுத்தில் தசை பட்டைபட்டையாகப் பிரிந்து நிற்கிறது. இத்தனையில் அல்ட்ராசவுண்ட் கைவைக்கக்கூடியது திசுவின் இறுக்கத்தில் மட்டும். சரிந்த கொழுப்பை அது மேலே தூக்கி வைக்காது, தேய்ந்த எலும்பை வளர்க்காது, மிஞ்சிப்போன தோலை வெட்டாது.

அது செய்கிற வேலை சுவாரசியமானது. கர்ப்பத்தில் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனில் வருவதும் ஒலி அலைதான். அது பரவலாகப் போய்த் திரும்பி வரும், பெரிதாகச் சூடு பண்ணாது. இங்கே அந்த அலைகளை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தால் கண்ணாடி சுடாமல், சற்றுத் தள்ளி இருக்கிற காகிதம் மட்டும் பொசுங்குகிறதல்லவா, அதேபோல் தோலின் மேற்பரப்பு சும்மா இருக்க, உள்ளே குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளி 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் கொலாஜன் நார் முறுக்கு அவிழ்ந்து சுருங்கும். உடம்பு அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் புதுக் கொலாஜனைக் கட்ட ஆரம்பிக்கும். காயத்தை ஆற்றுகிற உடம்பின் பழக்கத்தையே வேலைக்கு வைத்துக்கொள்கிற தந்திரம் இது. அதனால்தான் இதை அவசரப்படுத்த முடியாது. உடம்பு தன் வேகத்தில்தான் கட்டும்.

ஆழத்துக்குத் தகுந்தபடி மெஷினின் முனையை மாற்றுவார்கள். 1.5 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் என்று பொதுவாக மூன்று. கடைசி ஆழம்தான் முக்கியமானது. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முகத் தசைகளைப் போர்த்தியபடி ஒரு நார்ப்படலம் இருக்கிறது. 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அதை விவரித்து எழுதினார்கள்; 'ஸ்மாஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷனில் அறுவை மருத்துவர் இழுத்துத் தைப்பது அதைத்தான். கத்தியில்லாமல் அந்தப் படலம் வரை சூட்டைக் கொண்டுபோக முடிகிறது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் பெருமை. விளம்பரத்தில் 'கத்தியில்லாத ஃபேஸ்லிஃப்ட்' என்று போடுகிறார்களே, அதற்கு ஆதாரம் இது. இரண்டும் தொடும் இடம் ஒன்று என்பது உண்மை. பலனும் ஒன்று என்று படிக்கிறவர் நினைத்துக்கொண்டால் அதற்கு விளம்பரம் பொறுப்பேற்காது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேசா என்ற ஊரில் தொடங்கிய அல்தெரா நிறுவனத்தின் கருவிக்கு 2009-இல் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதல் அனுமதி கொடுத்தது, புருவத்தை உயர்த்துவதற்கு மட்டும். தாடைக்குக் கீழும் கழுத்தும் 2012-இல் சேர்ந்தன. மார்பின் மேல்பகுதிச் சுருக்கங்கள் 2014-இல். அதே ஆண்டு ஜெர்மனியின் மெர்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அல்தெரப்பி என்ற பெயரில் கிளினிக்குகளில் நீங்கள் பார்ப்பது அதுதான். கொரியாவிலிருந்து அல்ட்ராஃபார்மர் போன்ற கருவிகள் வந்தன. இஸ்ரேலின் சாஃப்வேவ் 1.5 மில்லிமீட்டர் ஆழத்தில் மட்டும் வேலை செய்யும், சுருக்கங்களுக்கு. இவை போக, பெயர் தெரியாத பெட்டிகள் ஏராளம். எல்லாவற்றையும் சேர்த்து 'ஹைஃபு' என்று ஒரே பெயரில் அழைப்பதால், எது எது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாமல் போகிறது. கர்ப்பப்பைக் கட்டியையும் புராஸ்டேட் புற்றையும் பொசுக்குவதற்கும் குவித்த அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால், இது ஃபேஷியல் வகையைச் சேர்ந்தது இல்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

சென்னையில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில், சிகிச்சை செய்துகொண்ட அம்மாவின் சம்மதத்தோடு, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஒரு மணி நேரத்துக்கு முன்பே வலி மாத்திரை கொடுத்து, மரத்துப்போகும் க்ரீம் தடவி உட்காரவைத்திருந்தார்கள். பிறகு க்ரீமைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பென்சிலால் கன்னத்திலும் தாடையிலும் கட்டம் போட்டார் டாக்டர். எங்கே சுட வேண்டும் என்பதைவிட எங்கே சுடக் கூடாது என்பதற்குத்தான் அதிகக் கோடு விழுந்தது: கண்குழியின் எலும்பு விளிம்புக்கு உள்ளே வரக் கூடாது, கழுத்தின் நடுவே தைராய்டு இருக்கும் பகுதி கூடாது, தாடையோரம் நரம்பு மேலோட்டமாக ஓடும் இடத்தில் கவனம். ஸ்கேன் ஜெல்லைத் தடவி, முனையைக் கன்னத்தில் அழுத்தியதும் திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் தெரிந்தன. மேலே தோல், அடியில் கருமையாகக் கொழுப்பு, அதற்கும் கீழே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கீற்று. "அந்தக் கீற்றுதான் நமக்கு வேணும்" என்றார். ஒரு இடத்தில் படம் கலங்கியது. ஜெல் பற்றவில்லை, முனைக்கும் தோலுக்கும் நடுவே காற்று புகுந்திருக்கிறது என்று சொல்லி, பட்டனை அழுத்தாமல் எடுத்துவிட்டு மறுபடி ஜெல் தடவினார். அப்படியே அழுத்தியிருந்தால் சூடு உள்ளே போகாமல் மேலேயே நின்று தோலைப் பதம் பார்த்திருக்கும்.

அந்தத் திரை எல்லாக் கருவியிலும் கிடையாது. இல்லாத கருவியில் ஆழத்தை அனுபவத்தால் ஊகித்துத்தான் செய்ய வேண்டும். ஒல்லியான முகத்தில் 4.5 மில்லிமீட்டர் என்பது எலும்பாகவே இருக்கலாம்; சதைப்பிடிப்பான முகத்தில் வெறும் கொழுப்பாக இருக்கலாம். கை தேர்ந்தவர்கள் அதிலும் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் என் தங்கை கேட்டால் திரை உள்ள இடத்துக்குப் போகத்தான் சொல்வேன்.

வலியைப் பற்றி யாரும் நேராகச் சொல்வதில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். வலிக்கும். க்ரீம் மரக்கவைப்பது மேல்தோலை. சூடு விழுவது அதற்கும் ஆழத்தில். கன்னத்தில் சுருக் சுருக்கென்று ஊசி குத்துவதுபோல் இருக்கும், சதை அதிகமுள்ள இடத்தில் பொறுத்துக்கொள்ளலாம். தாடை எலும்புக்கு மேலும் நெற்றியிலும் வரும்போதுதான் சோதனை. அந்த வங்கி அம்மா, "பல்லுக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் சில விநாடிதான். ஆனால் முகமும் கழுத்தும் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான கோடுகள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்தச் சொல்லலாம், சக்தியைக் குறைக்கச் சொல்லலாம். சக்தியைக் குறைத்தால் வலி குறையும், பலனும் ஓரளவு குறையும். "வலியே இருக்காது" என்று உறுதி சொல்லும் இடத்தில் ஒருவேளை பலனும் இருக்காது என்று ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

முடித்து எழுந்ததும் முகம் லேசாகச் சிவந்து, கொஞ்சம் வீங்கி இருக்கும். நம் நிறத்தில் சிவப்பு பெரிதாகத் தெரியாது. பேருந்தேறி வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். அடுத்த சில நாள் தாடையைத் தொட்டால் வலிக்கும், முறுக்கு கடித்தால் தெரியும். சிலருக்கு இரண்டு வாரம் வரை இந்த நோவு நீடிக்கும். சில இடம் மரத்தாற்போல் இருக்கும், சில இடம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

இங்கேதான் ஒரு பெரிய குழப்பம் வருகிறது. செய்த அன்று மாலை கண்ணாடியில் பார்த்தால் முகம் நிஜமாகவே இறுகித் தெரியும். கொலாஜன் உடனடியாகச் சுருங்கியது கொஞ்சம், வீக்கம் மீதி. வீட்டில் எல்லோரும் "அட, தெரியுதே!" என்பார்கள். பத்து நாளில் வீக்கம் வற்றியதும் முகம் பழையபடி ஆகிவிடும். பணம் போச்சு என்று மனம் உடைவது அந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான். எனக்கு வரும் புகார்க் கடிதங்களில் பாதி அந்த வாரங்களில் எழுதப்பட்டவை. உண்மையான மாற்றம் இரண்டாம் மாதத்துக்கு மேல் மெல்லத் தொடங்கி, மூன்றாம் மாதம் தெரியவந்து, சிலருக்கு ஆறாம் மாதம் வரை கூடும். மெல்ல வருவதால் தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்கே அது தெரியாது. ரொம்ப நாள் கழித்துப் பார்க்கும் நாத்தனார்தான் "என்ன, தெளிவா இருக்கீங்க?" என்று கேட்பார். பலன் ஒரு வருடம், ஒன்றரை வருடம் நிற்கலாம். அதற்குள் வயது நின்றுவிடாது. கொலாஜன் குறைவது தன் பாட்டுக்கு நடக்கும்.

தெரிகிறதா இல்லையா என்று அறிய ஒரே வழி போட்டோ. சிகிச்சைக்கு முன்பு, மேக்கப் இல்லாமல், தலைமுடியைப் பின்னால் கட்டி, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் எடுங்கள். கிளினிக் சுவரில் மாட்டியிருக்கும் 'முன்–பின்' படங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். முன் படத்தில் முகவாய் கீழே தாழ்ந்திருக்கும், பின் படத்தில் இரண்டு விரற்கடை மேலே தூக்கியிருக்கும். முகவாயைத் தூக்கினால் கழுத்து இறுகாமல் என்ன செய்யும்? முன் படத்தில் உச்சி விளக்கு, பின் படத்தில் முன்னிருந்து வெளிச்சம். முன் படத்தில் காது தெரியும். பின் படத்தில் முடி மறைத்திருக்கும். இத்தனையும் ஒத்திருக்கும் படத்தைக் காட்டும் கிளினிக்கை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன்.

யாருக்கு இது சரிப்படும் என்று கேட்டால், தொங்கல் லேசாக ஆரம்பித்தவர்களுக்கு. பெரும்பாலும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்கள், ஆபரேஷன் வேண்டாம், கொஞ்சம் போதும் என்கிறவர்கள். கழுத்தில் தோல் மடிந்து தொங்குகிறவர்களுக்கும், தாடைக்கடியில் கொழுப்பு நிறைய உள்ளவர்களுக்கும், நாற்பது ஐம்பது கிலோ எடை குறைத்தவர்களுக்கும் இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. முகம் ஏற்கெனவே ஒட்டிப்போனவர்கள் ரொம்ப யோசிக்க வேண்டும். ஆழம் தப்பினால் சூடு கொழுப்பைக் கரைத்துவிடும். கன்னம் இன்னும் குழிந்து, வந்த வயதைவிடக் கூடுதல் வயது தெரியும். அந்தக் குழி தானாக நிரம்பாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள், முகத்திலோ கழுத்திலோ உலோகத் தகடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அந்த இடத்தில் புண்ணோ பெரிய சீழ்ப் பருக்களோ உள்ளவர்கள் செய்துகொள்ளக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள், உதட்டோரம் அடிக்கடி அக்கி வருகிறவர்கள், முகத்தில் ஃபில்லர் ஊசி போட்டவர்கள் எல்லோரும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதையெல்லாம் கேட்காமலே உங்களைப் படுக்கவைக்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் நிறத்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையில் ஓர் அனுகூலம் உண்டு. பல லேசர்கள் தோலின் நிறமியைத் தேடிப் போய்ச் சூடாக்கும். கறுத்த தோலில் அதனால் கரும்படை விழும் பயம் எப்போதும் இருக்கும். ஒலி அலைக்கு நிறம் தெரியாது. முனை சரியாகப் பதிந்து, ஆழம் சரியாக இருந்தால், மாநிறமோ கறுப்போ ஒன்றுதான். தவறாகச் செய்து மேல்தோல் வெந்துபோனால் மட்டும், கோடு கோடாகக் கருந்தழும்பு நம் தோலில்தான் நீண்ட நாள் நிற்கும்.

ஆபத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விருப்பமில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் கையில் பெரிய சிக்கல்கள் அபூர்வம். ஆனால் பார்லருக்கும் மருத்துவருக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே அழகு நிலையங்களில் ஹைஃபு சகஜமாக நடந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளரே மெஷினைப் பிடித்துச் செய்துகொள்ளும் கடைகள்கூட இருந்தன. தீக்காயம், நரம்புக் கோளாறு, கண்ணருகே செய்ததில் கண்புரை என்று பாதிப்புகள் சேர்ந்தன. நுகர்வோர் பாதுகாப்பை விசாரிக்கும் அந்நாட்டு ஆணையம் 2023 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 2024 ஜூனில் சுகாதார அமைச்சகம், இது மருத்துவச் செயல், மருத்துவர் அல்லாதவர் செய்வது சட்டமீறல் என்று அறிவித்துவிட்டது. கண்ணின் வில்லை சூட்டைத் தாங்காது. அதனால்தான் கண்குழி விளிம்பைத் தாண்டக் கூடாது என்று அந்த டாக்டர் பென்சிலால் கோடு போட்டார். தாடையோர நரம்பில் சூடு பட்டால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சில வாரங்களில் உங்கள் மகன் கல்யாணம் வந்துவிடும்.

உங்களுக்குச் சொன்ன பார்லர் பேக்கேஜில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. மாதம் ஒன்றாக மூன்று சிட்டிங், 25,000 ரூபாய், இந்த வாரம் சேர்ந்தால் சலுகை. முதல் சிட்டிங்கின் பலன் தெரியவே மூன்று மாதம் ஆகும். அதற்குள் மூன்றையும் முடித்துவிட்டால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று யார் பார்ப்பது? முழு அளவு சக்தியில் ஒழுங்காகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒருமுறை செய்துவிட்டு, மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்து பார்த்துத்தான் அடுத்ததைப் பேசுவார்கள். மருத்துவ இன்சூரன்ஸ் இதற்குக் கைகொடுக்காது, அழகுக்கான சிகிச்சை என்று தள்ளிவிடும். மொத்தமும் உங்கள் கைப்பணம்தான்.

எங்கே போனாலும், மெஷினை யார் பிடிக்கப்போகிறார் என்று கேளுங்கள். கன்சல்டேஷனில் எம்.டி. படித்த டாக்டர் உட்கார்ந்திருப்பார், சிகிச்சை அறையில் மூன்று வாரப் பயிற்சி முடித்த பெண் நிற்பார், இது நடக்கிறது. டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். கருவியின் பெயர் என்ன, இந்தியாவில் இறக்குமதி உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். முனைக்கு ஆயுள் உண்டு. இத்தனை கோடு என்று முடிந்ததும் மாற்ற வேண்டும். செலவை மிச்சம்பிடிக்கப் போலி முனை வாங்குகிறவர்களும், தீர்ந்ததை மறுபடி ஓடவைக்கிறவர்களும் உண்டு. பெட்டியையும் எண்ணையும் காட்டச் சொன்னால் நல்ல கிளினிக் முகம் சுளிக்காது. எத்தனை கோடு, எந்த ஆழம், என்ன சக்தி என்று எழுதிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நாளை ஏதாவது ஆனால் வேறு டாக்டருக்கு அது தேவைப்படும்.

மொபைலில் விளம்பரமாக வரும் கையடக்க ஹைஃபு மெஷினை வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று உங்கள் மகள் கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சக்தி குறைவாக இருந்தால் வீண். சக்தி இருந்தால் அதைவிட மோசம்.

கல்யாணத்துக்கு என்ன செய்வது? புதிதாக எதையும் ஆரம்பிக்காமல் இருப்பதே பெரிய காரியம். சுருக்கத்துக்கு என்று யாரோ சொல்லும் ட்ரெட்டினாயின் க்ரீமைக்கூட இப்போது தொடாதீர்கள். அதற்கும் மாதக்கணக்கில் ஆகும், ஆரம்ப வாரங்களில் தோல் உரிந்து சிவக்கும். பத்திரிகை வைக்க வெயிலில் அலையும்போது சன்ஸ்க்ரீன் போடுங்கள், குடை பிடியுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் ஃபேஷியல், ப்ளீச் எதுவும் புதிய இடத்தில் வேண்டாம். மேக்கப் போடும் பெண்ணை முகூர்த்தத்துக்கு முன்பே ஒருநாள் வரவழைத்துப் போட்டுப் பாருங்கள். தாடைக்கோட்டில் சற்றே அடர்ந்த நிறம் தீட்டினால் போட்டோவில் வரும் மாற்றம் 1.7 மில்லிமீட்டரைவிட அதிகம், அன்றைக்கே கிடைக்கும். கேமராக்காரரிடம் உங்கள் கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கீழிருந்து மேலாக எடுத்தால் இருபது வயதுப் பெண்ணுக்கும் இரட்டைத் தாடை விழும்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், ஆடி மாதத்தில் ஒரு தோல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். முகூர்த்தமில்லாத மாதம், கிளினிக்கில் கூட்டமும் குறைவாக இருக்கும், நிதானமாகப் பேசுவார்கள். தீபாவளிக்குள் பலன் தெரியும். முதல் சந்திப்பிலேயே முன்பணம் கட்டாதீர்கள்.

முன்பணம் என்றதும் நினைவு வருகிறது. பார்லரில் 5,000 ரூபாய் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை, எனவே தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், ஜி-பே செய்த பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். 'ஒரே வாரத்தில் பத்து வயது' என்று அவர்கள் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். அது உங்கள் கையில் இருக்கட்டும். தரமாட்டேன் என்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். பதில் என்ன வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவப் பகுதி எழுத்தாளன்